பைபாஸ் சிகிச்சையில் ஒரு கூடுதல் வரி

மளிகைக்கடை நண்பர் ஒருவருக்கு பைபாஸ் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். சம்மதப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. தேவைப்பட்டால் இருதய ரத்தக்குழாய்க்குள் படிந்திருக்கும் அடைப்பையும் உரித்து எடுப்போம் என்று. மகன் நம்மிடம் ஓடி வந்தார். "அண்ணாச்சி, கையெழுத்துப் போடலாமா?" டாக்டர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை நம் வணிகப் பெருமக்களுக்கும் எழுதுகிறோம்.

பைபாஸ் நமக்குப் புதிதல்ல. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் டாக்டர் ரெனே ஃபவலோரோ கால் ரத்தநாளத்தை எடுத்து இருதயத்தில் தைத்தார். இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது. உரித்தெடுக்கும் முறையோ அதற்கும் மூத்தது; 1950-களிலேயே அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் பெய்லி செய்துவிட்டார்.

பைபாஸ் என்பது அடைபட்ட ரோட்டுக்குப் பக்கத்தில் போடும் மாற்றுப் பாதை. அது போய்ச் சேர நல்ல இடம் வேண்டும். சிலருக்கு, முக்கியமாக பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு, குழாய் நெடுக அடைப்பு. தையல் போடவே இடமிராது. அப்போது குழாயைக் கீறி, அடைப்பை உள்தோலோடு மெல்ல உருவி எடுத்து, அங்கே புதுக்குழாயைத் தைக்கிறார்கள். எண்டார்டெரெக்டமி என்று பெயர்.

ஆபத்து கூடுதல்தான். வெறும் பைபாஸைவிட முதல் மாத இறப்பு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்கிறார்கள். ஆனால் இது நோய் முற்றியவர்களுக்குச் செய்வது. இரண்டு ரகச் சரக்கை ஒரே விலைக்குப் பேசலாமா? முதல் மாதத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் நடமாடுகிறார்கள்.

நம்மவர்கள் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். உள்தோல் போன இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். அதனால்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள். தீபாவளி வியாபார மும்முரத்தில் நாலு நாள் விட்டால் என்ன என்கிற ஆசாமிகளை நாம் பார்த்திருக்கிறோம். டாக்டர் சொல்லாமல் ஒருவேளைகூட நிறுத்தக்கூடாது. பீடி, சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மகன் கையெழுத்துப் போட்டார். ஒரு குழாயில் உரித்தெடுக்கத்தான் வேண்டியிருந்தது. நண்பர் இப்போது காலையில் மட்டும் கடைக்கு வருகிறார். மாத்திரை டப்பா கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி மகனிடம்.