ஒரே கேம், மூன்று கடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த 2000 ரூபாய் கையில் இருக்கிறது, ‘விட்சர் 3’ வாங்க வேண்டும். 2015-ல் வந்த கேம் அது. இன்றைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் நேற்று வந்ததுபோல அதைப் பற்றிப் பேசுகிறார்கள். திரையில் மூன்று கடைகளைத் திறந்து வைத்திருந்தாள்: ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி. மூன்றிலும் அதே கேம், அதே படம், முதுகில் இரண்டு வாள் கட்டிய நரைமுடிக்காரன்.

“எதுல வாங்கட்டும் மாமா? எங்க வாங்குனாலும் ஒண்ணுதானே?”

அக்கா இஞ்சி தட்டிப்போட்ட டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது டம்ளரும் காலியாகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தன் பணத்தில் முதல் கேம் வாங்கப்போகிற பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம்.

“முதல்ல ஸ்டீம்ல கூடையில போடும்மா. பணம் கட்டாத. அந்தப் பக்கத்தைக் கீழவரைக்கும் படி” என்றேன். படித்தாள். கேம் என்கிற பொருளை நீங்கள் வாங்கவில்லை, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை வாங்குகிறீர்கள் என்கிற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 2024 அக்டோபரில்தான் ஸ்டீம் அதைப் போடத் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் கையெழுத்தானது. டிஜிட்டல் பொருளை விற்கிறவர், கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் போடக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வீடு நம்முடையதுபோலத் தெரியும், பெயிண்ட் அடிக்கலாம், ஆணி அடிக்கலாம், ஆனால் பத்திரம் நம் பெயரில் இல்லை. டிஜிட்டல் கடையில் கேம் வாங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

“அப்ப நாளைக்கே பிடுங்கிக்குவாங்களா?”

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இரண்டு சம்பவங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2017 மே மாதம் ‘ஆலன் வேக்’ என்ற கேமை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்தார்கள். கேமில் வரும் பாடல்களுக்கான உரிமம் முடிந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் தொடர்ந்து டவுன்லோடு செய்து ஆட முடிந்தது. அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பித்து விற்பனைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடையில் சரக்கு இல்லை, நம் வீட்டில் வாங்கி வைத்தது இருக்கிறது என்பதுபோல.

இரண்டாவது அப்படியல்ல. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ கார் பந்தய கேம். தனியாக ஆடினாலும் அவர்களுடைய சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள், அதன் பிறகு காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்தார்கள். ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் கிளம்பியது இதையொட்டித்தான். அதனால் கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த கேம் இணையம் இல்லாமல் ஓடுமா? ஓடாது என்றால் எந்தக் கடையில் வாங்கினாலும் அதன் ஆயுள் சர்வரின் ஆயுள்தான்.

எனக்கு இது வெறும் செய்தியில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஆசை ஆசையாக ஒரு கேமைப் பெட்டியோடு, டிஸ்க்கோடு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நிறுவும்போது ஒருமுறை அவர்களுடைய சர்வரைக் கேட்டு அனுமதி வாங்கும் ஏற்பாடு. கம்ப்யூட்டர் மாற்றியபோது மறுபடி போட்டேன். அனுமதி தரும் சர்வர் மூடப்பட்டிருந்தது. டிஸ்க் இன்னும் அலமாரியில் கீறல் இல்லாமல் இருக்கிறது, ஆனால் ஓடாது. கையில் இருக்கும் பொருள் கைக்கு உதவாமல் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து எதை வாங்கினாலும், விற்றவர் இல்லாமல் இது வாழுமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

ஜி.ஓ.ஜி. கடை இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. ‘விட்சர்’ கேம்களைச் செய்த போலந்து நாட்டு சி.டி. புரொஜெக்ட் நிறுவனம் அதை 2008-ல் தொடங்கியது. பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்பதுதான் முதல் வேலை. புதிய கேம்கள் பிறகு வந்தன. அங்கே விற்கிற கேம்களில் சர்வரிடம் அனுமதி கேட்கும் பூட்டு கிடையாது. அவளுக்குக் காட்டுவதற்காக என் கணக்கைத் திறந்தேன். ஒரு கேமைச் சொடுக்கினால் கீழே ஆஃப்லைன் இன்ஸ்டாலர்கள் என்று ஒரு பட்டியல்: ஒரு செட்டப் கோப்பு, அதன் பின்னால் 4 ஜி.பி. அளவில் துண்டு துண்டாகப் பல கோப்புகள். எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால் போதும். என் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, அவள் லேப்டாப்பிலேயே ஒரு சின்னப் பழைய கேமை நிறுவிக் காட்டினேன். கடவுச்சொல் கேட்கவில்லை, யாரையும் அழைக்கவில்லை, ஓடியது. பார்த்த பிறகு அதை அழித்துவிடச் சொன்னேன், ஏனென்றால் சட்டப்படி அதுவும் எனக்குக் கொடுத்த உரிமம்தான். கோப்பு மட்டும் என் கையில்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் அங்கேயே வாங்கலாமே? முடியாது. பூட்டில்லாமல் விற்கப் பல பெரிய நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதில்லை. சில கேம்கள் அங்கே தாமதமாக வரும், சில வரவே வராது. நண்பர்களோடு சேர்ந்து ஆடுகிற கேம் என்றால் நண்பர்கள் இருக்கிற கடைக்குத்தான் போயாக வேண்டும், அவர்கள் பெரும்பாலும் ஸ்டீமில் இருக்கிறார்கள்.

ஸ்டீமை அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கியது. முதலில் அது கடையே இல்லை, தங்கள் கேம்களுக்கு அப்டேட் அனுப்பும் வழி. 2004-ல் ‘ஹாஃப்-லைஃப் 2’ வந்தபோது டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கித்தான் ஆட முடியும் என்றார்கள். அன்றைக்கு அதைத் திட்டாதவர் குறைவு. இன்றைக்கு அதே ஸ்டீம்தான் கம்ப்யூட்டர் கேம் உலகத்தின் கடைத்தெரு. அந்த இடத்துக்கு அது உழைத்தே வந்தது என்பேன். விமர்சனப் பகுதியை மட்டும் பாருங்கள்: எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே இருக்கும். 300 மணி நேரம் ஆடிவிட்டுக் குறை சொல்கிறவரின் பேச்சுக்கு ஒரு எடை, அரை மணி நேரம் ஆடியவரின் பேச்சுக்கு வேறு எடை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும். யு.பி.ஐ.யில் பணம் கட்டலாம், ரூபாயில் விலை போட்டிருக்கும். ரசிகர்கள் செய்த கூடுதல் பாகங்களை ஒர்க்ஷாப் என்ற பகுதியிலிருந்து ஒரே சொடுக்கில் சேர்க்கலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு புரோட்டான் என்ற மென்பொருளை 2018-ல் கொடுத்தார்கள், அது விண்டோஸ் கேம்களை அங்கே ஓட்டுகிறது.

அவளுக்குத் தம்பி ஒருவன் உண்டு. அதனால் ஸ்டீமின் குடும்ப ஏற்பாட்டையும் சொன்னேன். ஒரே வீட்டில் இருக்கும் 6 பேர்வரை சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம், ஆனால் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான். இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது: அக்காவின் கேமில் தம்பி தில்லுமுல்லு செய்து மாட்டினால் அந்த கேமில் அக்காவுக்கும் தடை விழும். இதைக் கேட்டதும் உள்ளே பார்த்து, “டேய், கேட்டியா?” என்று குரல் கொடுத்தாள்.

எபிக் கடை 2018 டிசம்பரில் வந்தது. அதன் கணக்கு வேறு. 1000 ரூபாய்க்கு ஒரு கேம் விற்றால் ஸ்டீம் வழக்கமாக 300 எடுத்துக்கொள்ளும், எபிக் 120 போதும் என்றது. ஸ்டீமின் பங்கு, ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25 சதவீதமாகவும் 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் குறையும். அதாவது அதிகம் விற்கிற பெரியவருக்குச் சலுகை, தட்டுத்தடுமாறி முதல் கேம் போடுகிற சின்னவருக்கு முழுக் கட்டணம். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. ‘வெண்பா’ என்று ஒரு கேம் 2023-ல் வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி அவிக்கிறாள், மகனோடு பேச முயல்கிறாள். டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்தது. 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் வாங்கியது. இப்படிப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு 30 என்பது பெரிய தொகை.

எபிக்கின் வாதம் நியாயம்தான். ஆனால் அந்த மிச்சம் வாங்குகிற நம் கைக்கு வந்ததா என்றால், பெரும்பாலும் இரண்டு கடையிலும் ஒரே விலைதான் இருக்கிறது. கடையாகவும் எபிக் நெடுநாள் அரைகுறையாகவே இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கேம்களைச் சேர்த்து வாங்கக் கூடை என்ற வசதி வரவே மூன்று வருடமாயிற்று, 2021 டிசம்பரில்தான் வைத்தார்கள். சில கேம்களுக்குப் பணம் கொடுத்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று தங்களிடம் மட்டும் விற்கவைத்ததில் பலருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கும் அந்த வழி பிடிக்கவில்லை.

ஆனால் வியாழக்கிழமை இரவை விட்டுவிடாதே என்று அவளிடம் சொன்னேன். நம் நேரப்படி எட்டரை மணிக்கு, குளிர்காலத்தில் ஒன்பதரைக்கு, எபிக் வாரந்தோறும் இலவச கேம் மாற்றும். அந்த வாரத்துக்குள் கணக்கில் சேர்த்துவிட்டால் பிறகும் நம் பட்டியலில் இருக்கும். 2020 மே மாதம் ‘ஜி.டி.ஏ. 5’ஐயே கொடுத்தார்கள், கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே படுத்துவிட்டது. கையில் காசில்லாத மாணவருக்கு இதைவிட நல்ல நூலகம் இல்லை.

இதற்குள் அவள் நான்காவதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். ஏதோ ஒரு தளத்தில் ஸ்டீம் கீ, அதாவது ஸ்டீம் கணக்கில் போட்டால் கேமைத் திறக்கும் குறியீடு, பாதி விலைக்கு. இங்கே நிதானம் வேண்டும். கேம் செய்தவர் ஸ்டீமிடம் கீ வாங்கி வெளியே விற்கலாம், அதற்கு ஸ்டீம் பங்கு கேட்பதில்லை. ஹம்பிள் பண்டில்போல நேரடியாகத் தயாரிப்பாளர்களிடம் பெற்று விற்கிற கடைகள் முறையானவை. ஆனால் யார் வேண்டுமானாலும் கீ கொண்டுவந்து விற்கிற சந்தைகளும் உண்டு. திருட்டுக் கார்டில் வாங்கிய கீயும் அதில் கலந்து வரும். கார்டுக்காரர் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற்றதும் அந்த கீயை ரத்து செய்வார்கள். நம் பணமும் போய், கேமும் போய், உழைத்தவருக்கும் ஒன்றும் போகாது. அந்தப் பக்கத்தை மூடச் சொன்னேன்.

விலை விஷயத்தில் அவசரமும் வேண்டாம். ‘இஸ் தேர் எனி டீல்’ என்ற தளத்தில் ஒரு கேம் இதுவரை எந்தக் கடையில் எவ்வளவுக்கு இறங்கியது என்று பார்க்கலாம். ‘விட்சர் 3’ போன்ற பத்து வருடக் கேம் தள்ளுபடிக்கு அடிக்கடி வரும். முழு விலை கொடுக்கவே தேவையில்லை.

கடைசியாக, அவள் லேப்டாப்பில் இது ஓடுமா என்ற சந்தேகம். ஸ்டீமிலும் எபிக்கிலும் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். லேப்டாப் தாங்குமா என்று பார்க்க 2 மணி நேரம் போதும். கேம் பிடிக்குமா என்று பார்க்கப் போதாது, ‘விட்சர் 3’ல் ஒயிட் ஆர்ச்சர்ட் என்கிற முதல் ஊரையே அதற்குள் தாண்டுவது கடினம். ஜி.ஓ.ஜி.யில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். அவர்கள் வைத்த நம்பிக்கையைக் கெடுக்காமல் தேவைப்பட்டால் மட்டும் கேள் என்றேன்.

தனியாக ஆடுகிற கேம், செய்தவர்களே தொடங்கிய கடை, பூட்டில்லை. என் யோசனை ஜி.ஓ.ஜி. என்றேன். ஒரே சிக்கல், அங்கே விலை டாலரில் காட்டியது. யு.பி.ஐ. இல்லை. அவளுடைய டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், வங்கியும் நாணய மாற்றுக்கு ஒரு கட்டணம் சேர்க்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். தள்ளுபடி வரட்டும் என்று விருப்பப் பட்டியலில் போட்டாள். பத்து நாள் கழித்து வந்தது. அன்றைக்கே அவள் அம்மாவின் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, அதில் மூன்று முறை பதிவாகியிருந்த ஒரே கல்யாண வீடியோவில் இரண்டை அழித்து, 50 ஜி.பி.க்கு இடம் பண்ணினாள்.