கொலனோஸ்கோபிக்கு முந்தின ராத்திரி

மலத்தோடு ரத்தம் போகிறது என்றால் எங்கள் பக்கத்தில் உடனே வரும் பதில், “மூலமாத்தான் இருக்கும்.” பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பேச்சு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் குடலில் வளரும் கட்டியும் அதே ரத்தத்தைத்தான் காட்டும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்து எங்கள் தனுவச்சபுரத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இரண்டு வருஷமாகக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். ரத்தச்சோகை வந்த பிறகுதான் டாக்டர் கொலனோஸ்கோபி எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது, “தம்பி, இது ஆபரேஷனா?” சாயா ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அவருக்குச் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஆபரேஷன் இல்லை அண்ணாச்சி. விரல் தடிமனில், நன்றாக வளையக்கூடிய ஒரு குழாய். நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசி முனை வரை குழாயைக் கொண்டுபோய், திரும்பி வரும்போது நிதானமாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். முன்பு இந்த வசதி இல்லை. நம் தெற்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல் டாக்டராக இருந்தார். வயிற்றுப்புண்ணோடு வந்த எத்தனையோ திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அவர் அறுவை செய்தார். அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் இந்தக் குழாய் வழியாகவே ஒரு கம்பிக் கண்ணியைச் செலுத்தி, குடலில் இருந்த பாலிப்பை வயிற்றைத் திறக்காமல் வெட்டி எடுத்தார்கள். பாலிப் என்பது மழை பெய்தபின் பட்ட மரத்தில் முளைக்கும் காளான் மாதிரி குடல்சுவரில் முளைக்கும் சதை. எல்லா பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிற வகைக்கும் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் அங்கேயே, அப்போதே எடுத்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் நிறைய உண்டு. கண்டுபிடித்த கையோடு நோய் வராமலும் தடுக்கிற சோதனை குறைவு. இதன்மேல் எனக்கு இத்தனை மதிப்பு வரக் காரணம் அதுதான்.

ஆனால் குடல் சுத்தமாக இருந்தால்தான் டாக்டருக்கு ஏதாவது தெரியும். சுத்தம் செய்கிற வேலை முழுக்க நம்முடையது, நம் வீட்டில், நம் கக்கூஸில் நடப்பது. சரியாகச் செய்யாமல் போனால் சின்ன பாலிப் அழுக்குக்கு அடியில் மறைந்துவிடும். இல்லையென்றால் பாதியில் நிறுத்தி, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

இரண்டு மூன்று நாளைக்கு முன்பே சாப்பாட்டை மாற்ற வேண்டும். நாம் தினமும் உண்ணும் சிவப்பரிசிச் சோறு வேண்டாம், வெள்ளைப் பச்சரிசி போதும். கீரைத் துவரன், பயறு, முருங்கைக்காய், பலாப்பழம், பலாக்கொட்டை, கொய்யா எல்லாவற்றுக்கும் லீவு. விதையும் நாரும் தேங்காய்த் துருவலும் குடலில் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்கும். இட்லி, முட்டை, தேங்காய் அரைக்காத மீன் தாராளமாகச் சாப்பிடலாம். முந்தின நாள் முழுக்கத் தெளிந்த திரவ ஆகாரம்தான்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைத் தண்ணீர், கட்டஞ்சாயா. பால் சேர்த்த சாயா கூடாது. இன்னொன்று, நம் வீடுகளில் பதிமுகமோ கருங்காலியோ போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீர் குடிப்போமே, அதை அன்றைக்குத் தொட வேண்டாம். குடலுக்குள் சிவப்பாக எது கிடந்தாலும் பார்க்கிறவருக்கு ரத்தமோ என்று சந்தேகம் வரும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘சிவப்பு நிறப் பானம் வேண்டாம்’ என்றுதான் இருக்கும். பதிமுகத் தண்ணீரை நாம் பானமாகவே நினைப்பதில்லை, வெறும் தண்ணீர் என்றே நினைக்கிறோம். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நீங்களாக எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிப் பிசுபிசுவென்று ஒட்டவைக்கும், அதனால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பட்டினி நாளில் வழக்கம்போல் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். எவ்வளவு குறைப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தால் பேதி மருந்து எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. சீட்டு மலையாளத்தில் இருந்து வாசிக்கச் சிரமப்பட்டால் நர்ஸிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

இனி அந்த ராத்திரி. பெக்லெக் மாதிரி ஒரு பேதிப் பொடி கொடுப்பார்கள், இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். உப்புக் கரிக்கும், கொஞ்சம் வழுவழுவென்றும் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தால் இறங்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கிளாஸ். மடமடவென்று குடித்தால் வாந்தி வரும், குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். இப்போதெல்லாம் பாதியை முந்தின மாலையும் மீதியைச் சோதனை நாள் விடியற்காலையும் குடிக்கச் சொல்கிறார்கள். அப்படிக் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகிறது. நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. திருவனந்தபுரம் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் தூரம், நம் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்பதில்லை, வயிற்றில் மருந்தோடு பஸ்ஸில் உட்கார முடியாது. தேதி வாங்கும்போதே தூரத்தைச் சொல்லி, நண்பகலை ஒட்டிய நேரமாகக் கேளுங்கள். நகரத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முந்தின நாளே போய்விடுவது இன்னும் நல்லது.

மருந்து குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். பிறகு ஓட்டம்தான். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருந்தால் விளக்கு எரிகிறதா என்று பகலிலேயே பாருங்கள், வாளியை நிரப்பி வையுங்கள். ஐந்தாறு தடவை கழுவினதும் தோல் எரியத் தொடங்கும். முதலிலேயே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும். கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீராக, மூத்திரம் போலப் போக வேண்டும். அப்போதும் பழுப்பாகவோ கலங்கலாகவோ போனால் ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அங்கேயே அதற்கு வழி செய்வார்கள்.

ராத்திரியோடு ஒப்பிட்டால் சோதனை சுலபம். பின்பக்கம் திறந்த உடுப்பு தருவார்கள். கையில் ஊசி ஏற்றி, இடப்பக்கமாக, முழங்காலை மடக்கிப் படுக்கவைப்பார்கள். மயக்கம் தந்தால் பெரும்பாலும் எதுவும் நினைவில் இருக்காது. தராவிட்டால் காற்று நிரம்பி வயிறு உப்பி இழுக்கும். வளைவுகளில் குழாய் திரும்பும்போது நர்ஸ் வயிற்றை அழுத்திப் பிடிப்பார். மொத்தம் இருபது முப்பது நிமிஷம். திரும்பும் வழியில் குறைந்தது ஆறிலிருந்து எட்டு நிமிஷமாவது பார்க்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. பாலிப்பை எடுக்கும்போது பொதுவாக வலி தெரியாது, குடலின் உள்தோலுக்கு வெட்டு உணர்வு இல்லை. பெண்கள் கூச்சத்தாலேயே வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அறையில் பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேட்பது அவர்கள் உரிமை, தயங்காமல் கேட்கட்டும்.

குடல் ஓட்டையாகிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். வெறுமனே பார்க்கும் சோதனையில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது, பாலிப் எடுத்தால் கொஞ்சம் கூடும். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாகப் போனாலோ நேரத்தைப் பார்க்காமல் கேஷுவால்ட்டிக்குப் போக வேண்டும். பாலிப் எடுத்தவருக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தம் வரலாம். மற்றபடி காற்று பிரிந்தால் போதும், வயிறு லேசாகிவிடும். மயக்கம் தந்திருந்தால் அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். வேறு யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன், அண்ணாச்சி.

ரத்தமோ ரத்தச்சோகையோ இல்லாதவர்களும் இதைச் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2021-லிருந்து 45 வயதானாலே குடல்புற்றுச் சோதனை தொடங்கச் சொல்கிறார்கள். அங்கே இந்த நோய் நம்மைவிட அதிகம், அந்தக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ குடல்புற்று வந்திருந்தால், அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்போ 40 வயதிலோ, எது முந்தியோ அப்போதே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். அதனால்தான் ரிசல்ட் வந்ததும் பேப்பரைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம் என்கிறேன். பாலிப் இருந்ததா, என்ன வகை, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதை மார்த்தாண்டத்தில் இருக்கும் தம்பிக்கும் கல்ஃபில் இருக்கும் மகனுக்கும் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.