எட்டயபுரத்திலிருந்து மேற்கே

எட்டயபுரத்தில் மேற்கே திரும்பியதும் சைக்கிளை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. கன்னியாகுமரியில் கிளம்பி, மணப்பாடு, திருச்செந்தூர், தூத்துக்குடி என்று தனியாக மிதித்து வந்த நான்காம் நாள், கடைசி நாள். கோவில்பட்டிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான் பாக்கி. நேர் எதிரே ஆடி மாதத்து மேகாத்து. “இறங்கி உருட்டுங்க தம்பி, பொழுது சாய்ஞ்சா காத்து அடங்கிரும்” என்றார் டீக்கடைப் பெரியவர்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளச் சரிவிலேயே கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாயில் நெருக்கியடித்துப் புகுந்து, வறண்ட வேகமாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கரிசல் புஞ்சைகளோ புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பவை. ஆடியில் வெடிப்பு விட்டு வெறுமையாகக் கிடக்கும். காற்றை மறிக்க அங்கங்கே சீமைக்கருவேலம் மட்டும்.

காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்பில் மோதும் காற்றின் வேகமும் 15தான். எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் மோதுவது 35. எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஐந்து மடங்குக்கு மேல். சரி, மெதுவாகப் போவோம் என்று 10க்கு இறங்கினாலும் நான்கு மடங்கு இருக்கிறது. மேடு ஏறிய உழைப்பை இறக்கம் திருப்பிக் கொடுத்துவிடும். எதிர்காற்றில் அப்படி ஒரு வரவே கிடையாது.

காலில் தெம்பும் இல்லை. தசைகளும் ஈரலும் சேர்த்து வைக்கும் எரிபொருளான கிளைக்கோஜன் எல்லாம் ஏறக்குறைய அரைக் கிலோ. பல மணி நேரம் மிதித்தால் அது வற்றும். நன்றாகச் சாப்பிட்டாலும் முழுசாக நிரம்ப ஒரு நாளாவது வேண்டும். நான் நான்கு நாளாகக் கடனிலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் கடலைமிட்டாய் வாங்கினேன். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிச் சரக்கு. வறுத்த கடலையும் வெல்லப்பாகும் செரித்து ரத்தத்தில் சேர நேரமாகும் என்று தெரியும். ஆனால் வாயில் போட்டுக் கடித்த கொஞ்ச நேரத்திலேயே பெடல் லேசானது.

இது பிரமை இல்லை. 2004இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இரண்டு சோதனைகள் என்னை இன்றும் வியக்க வைக்கின்றன. ஒரு மணி நேரம் முழு மூச்சாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு குளுக்கோஸை நேரடியாக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள்; வேகம் கூடவில்லை. இன்னொன்றில் மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள்; ஒரு சொட்டுகூட வயிற்றுக்குப் போகவில்லை, வேகமோ ஏறக்குறைய மூன்று சதவீதம் கூடியது. 2009இல் அதே பல்கலைக்கழகத்தார் மூளையைப் படம் பிடித்தபோது, இனிப்பே இல்லாத அந்த மாவுச்சத்துக்கும் மூளையின் உந்துதல் பகுதிகள் விழித்துக்கொண்டன. வெறும் செயற்கை இனிப்புக்கு அப்படி விழிக்கவில்லை. தித்திப்பையும் சோற்றையும் வாய் பிரித்தறிகிறது. சாப்பாடு வருகிறது என்று அது சொன்ன மாத்திரத்தில், மூளை பிடித்து வைத்திருந்ததைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கிறது.

அப்படியென்றால் களைப்பு என்பது வெறும் காலித் தொட்டி இல்லை, முன்ஜாக்கிரதையும்தான். கரிசல் வீடுகளில் அடுத்த மழை வரைக்கும் என்று குலுக்கையில் தானியத்தை மிச்சம் வைப்பார்களே, அந்த மாதிரி. 5,000, 10,000 மீட்டர் உலகச் சாதனை ஓட்டங்களை ஆராய்ந்தவர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள்: நடுவில் தணிந்த வேகம் கடைசிக் கிலோமீட்டரில் மறுபடி ஏறுகிறது, உடம்பு அதிகம் களைத்திருக்கும் இடத்தில்.

பொழுது சாய்ந்தது. பெரியவர் சொன்னபடி காற்றும் கொஞ்சம் தணிந்தது. கோவில்பட்டிப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் கியரை ஒரு படி கூட்டினேன். கால் மறுக்கவில்லை.