வேகம் குறையாத வாகனம்: உங்கள் சாரதிக்குத் தெரியுமா?

கடைக்குச் சரக்கு ஏற்றும் வேனில் டயரைப் பார்க்கிறோம், ஒயிலைப் பார்க்கிறோம். சாரதியின் காலடியில் கிடக்கும் விரிப்பை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து சரக்குடன் திரும்பும்போது, வரக்காப்பொலைக்கு அப்பால் லொறியொன்றை முந்துவதற்காகச் சாரதி எக்ஸலேட்டரை அழுத்தினார். முந்திய பின்னும் வேகம் குறையவில்லை. "நானா, எக்ஸலேட்டர் மேல வருதில்ல!" என்று கத்தினார். பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். பக்கத்திலிருந்த நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறியது, வேன் நின்றது. நான் மலிவாக வாங்கிப் போட்ட றப்பர் விரிப்பு முன்னால் நழுவி, மிதியைப் பிடித்திருந்தது.

இதே காரணத்தால் 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லெக்சஸ் கார் ஒன்றில் சென்ற நால்வர் இறந்தனர். அதிலும் வேறு மாதிரிக் காருக்குரிய விரிப்பே போடப்பட்டிருந்தது. அதன்பின் டொயோட்டா நிறுவனம் இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. வாடிக்கையாளருக்கு உண்மையை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டொலர் தண்டப்பணமும் கட்டியது. இலத்திரனியல் கோளாறா என நாசா நிபுணர்களும் ஆராய்ந்தனர். அதற்கான சான்று கிடைக்கவில்லை என 2011இல் அறிவிக்கப்பட்டது. விரிப்பு, இறுகிய மிதி, பிரேக் என நினைத்து எக்ஸலேட்டரை மிதிப்பது ஆகியவையே காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை:

1. கால் எந்த மிதியில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.
2. பிரேக்கை ஒரே மிதியாகப் பலமாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால், பெட்ரோல் வாகனங்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும்.
3. கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாதாரண கியர் என்றால் கிளச்சை மிதியுங்கள். எஞ்சின் அலறினாலும் பயப்பட வேண்டாம்; எஞ்சினைவிட உயிர் பெரிது.
4. ஓரமாக நிறுத்திய பின்பே எஞ்சினை அணையுங்கள். ஓடும்போது சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
5. குனிந்து விரிப்பை இழுக்கவே வேண்டாம்.

விரிப்பு உங்கள் வாகனத்துக்கு உரியதாக, கொக்கியில் மாட்டப்பட்டதாக இருக்கட்டும். ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடாதீர்கள்.

அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தனியாகப் போயிருந்தால் அந்தச் சாரதிக்கு நியூட்ரல் நினைவுக்கு வந்திருக்குமா? முதலாளிமாரே, நாளைக் காலை வேன் கிளம்புமுன் உங்கள் சாரதியிடம் இதைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.