மண்ணைப் படிப்பது கேவலமா?



போன ஞாயிறு சிம்பாங் அம்பாட் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பழைய பால்மரத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். முகத்தில் வாட்டம்.

"தலைவரே, என் மக விவசாயப் படிப்பை முடிச்சிட்டா. இப்ப வெளிநாடு போயி மண்ணைப் பத்தி ஆராய்ச்சி செய்யணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மூணு தலைமுறையா மண்ணுல கெடந்தது போதாதா? நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

புத்தி சொன்னேன். மகளுக்கு அல்ல, அப்பனுக்கு!

கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் கதையைச் சொன்னேன். அவர் தகப்பனார் டாக்டர். மகனும் டாக்டராக வேண்டும் என்றே வீட்டார் விரும்பினர். 1943-ல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மாண்டனர். அந்தக் கொடுமை அவர் மனத்தை மாற்றியது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு இந்தியப் போலீஸ் அதிகாரி வேலைக்குத் தேறியும் அதைத் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கை ஆராய நெதர்லாந்துக்குக் கப்பலேறினார். 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வேலை காத்திருந்தது. வேண்டாம் என்று 1954-ல் நாடு திரும்பினார்.

1960-களில் இந்தியாவின் கோதுமை விளைச்சலைப் பெருக்கியவர்களில் அவர் முன்னோடி. ஆனால் 1968-லேயே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மண் வளத்தைப் பேணாமல் பயிரிட்டாலும், மருந்தைக் கண்மூடிக் கொட்டினாலும் கேடு வரும் என்றார். 1988-ல் சென்னையில் ஆய்வு நிறுவனம் தொடங்கி, 2023-ல் மறையும்வரை கிராமத்து ஏழைகளைப் பற்றியே பேசினார்.

"அவரு டாக்டர் வீட்டுப் பிள்ளை, தலைவரே. நாம லயத்து ஆளு."

அங்கேதான் அவரைப் பிடித்தேன். "லயத்துப் பிள்ளைக்குத்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும், அண்ணே!"

என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்தவர். டாங்கியை முதுகில் சுமந்து, நிரை நிரையாக நடந்து, நகம் கறுத்து, மூக்கில் ரத்தம் வடிய வீடு திரும்புவார். தோட்டப் பள்ளியில் படித்த எனக்கு அது என்னவென்று புரியவில்லை. பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2002-ல் தடை அறிவித்தார்கள். 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில் டாங்கியைச் சுமந்தவர்கள் யார்? நம் தாய்மார்கள்தானே!

களை சாக எவ்வளவு மருந்து வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் பலர். அதை அடிக்கிற அம்மாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கேள்வியை நம் பிள்ளை கேட்கட்டும். பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதும், மண்ணை ஆராய்வதும் ஒன்றல்ல. முன்னது பிறர் சொன்னதைச் செய்யும் வேலை. பின்னது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் இடம்.

பெரியவர் ஆறிப்போன காப்பியைக் குடித்தார். "போகட்டும். ஆனா படிச்சிட்டுத் திரும்பி வருவாளா?" என்றார்.

அது நியாயமான கேள்வி. அதை மகளிடமே கேளுங்கள் என்றேன். தோழர்களே, நம் பிள்ளைகள் எங்கே போய்ப் படித்தாலும், கற்றதை இந்த மண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லி அனுப்புவோம். ஆனால் தடுக்க வேண்டாம்.