காதில் ஒன்று, கட்டத்தில் வேறொன்று

குறுக்கெழுத்துப் புதிர் முதன்முதலில் அச்சேறியது 1913 டிசம்பர் 21 அன்று, 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில். அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். பொருளை மறைத்துச் சொல்லும் பூடக வகையை வளர்த்தெடுத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அந்த வகையில், ஒரே மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல்லைக் காட்டி விடை கேட்கும் ஓசைக் குறிப்புதான் சுலபமானது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கோ, அமைப்பவரின் நேர்மையை மிக அதிகமாகச் சோதிப்பது அதுவே என்று படுகிறது. 'ஊற்றுக்கண் என்று காதில் விழும், தொட்டுக்கொள்ள. ஐந்து எழுத்து' என்று ஆங்கிலப் புதிர் ஒன்றில் ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். விடை 'சாஸ்' (sauce). ஊற்றுக்கண்ணைக் குறிக்கும் 'சோர்ஸ்' (source) லண்டன்காரர் வாயில் ரகரம் கரைந்து அப்படியே 'சாஸ்' ஆகிவிடும். எடின்பரோக்காரர் ரகரத்தை விடாமல் ஒலிப்பவர். அவருக்கு இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். 'யார் காதில்?' என்று கேட்பார். அகராதி காட்டும் உச்சரிப்பே தீர்ப்பு என்று அமைப்பவர்கள் வாதிடுவார்கள். பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும் என்பது சரிதான். ஆனால் பிரிட்டிஷ் அகராதிகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது தென் இங்கிலாந்தின் பேச்சை. அந்தப் பேச்சு இல்லாதவருக்கு 'லண்டனில் கேட்டால்' என்று ஒரு சொல் கூட்டிக் கொடுப்பதில் அமைப்பவருக்கு என்ன குறைந்துவிடும்?

எழுதுவதையே ஒலிக்கும் தமிழில் இந்த விளையாட்டு செல்லாது என்பது அடுத்த மறுப்பு. எதுகைக்குப் பேர்போன மொழிதான், ஆனால் எதுகைக்குப் பத்துச் சொற்கள் வந்து நிற்கும். புதிருக்கு ஒரே விடை வேண்டும். அதற்கு ரகர றகரம் இருக்கிறது. 'அடுப்பில் எரிவது, சொல்லக் கேட்டால் தட்டில் விழும்' என்றால் 'கறி'. 'கரி'யும் 'கறி'யும் பெரும்பாலான தமிழர் பேச்சில் ஒன்றுதான். இங்கே கட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் வேறுபாடு பல கட்டங்களில் பரவிக் கிடக்கும். நமக்கு உயிர்மெய் முழுதாக ஒரே கட்டம். இரண்டாம் கட்டத்தைக் குறுக்கே வரும் சொல் நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. நிரப்பாவிட்டால் 'சொல்லக் கேட்டால்' எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைக் குறிப்பே சந்தேகமின்றிக் காட்டியாக வேண்டும். அதுவும் போதாது: கன்னியாகுமரியில் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்தே சொல்கிறார்கள். எடின்பரோக்காரர் கேட்ட அதே கேள்வியை நாகர்கோவில்காரரும் கேட்பார். கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.