'டாக்டர்' பட்டம் வாங்கியாச்சு... சம்பளம் எங்கே? 35 வயது கெடு, உஷார்!

திருவண்ணாமலை—

பையன் பி.எச்.டி. முடித்துவிட்டான். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டாகிவிட்டது. ஆனால் "சம்பளம் எவ்வளவு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் வீட்டில் பதில் இல்லை. "இன்னும் ஆராய்ச்சி பண்ணணும்" என்று அவன் சொன்னால், "மறுபடியும் படிப்பா?" என்று அப்பா தலையில் கை வைக்கிறார்.

படிப்பு அல்ல, வேலை! மாசா மாசம் பணம் வரும் வேலை. 'போஸ்ட் டாக்டரல்' ஆராய்ச்சி என்று பெயர்.

ஜவ்வாது மலையே சாட்சி

நம்ம மாவட்டத்து ஜமுனாமரத்தூரைத் தாண்டி, அதே ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அதை உருவாக்கிய வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர். 1952-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதோடு நின்றாரா? இல்லை. கார்னகி உதவித்தொகையில் பாலோமர் வானாய்வகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஒளியில் தெரியும் கால்சியக் கோட்டின் அகலத்தை வைத்து, நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசத்தைக் கணக்கிடும் 'வில்சன்–பாப்பு விளைவு' அங்கே செய்த வேலையில் பிறந்ததுதான்!

நாடு திரும்பினார். 1968-ல் காவலூரில் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1986-ல் இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

எவ்வளவு கிடைக்கும்?

மத்திய அரசு 2023 ஜனவரி 1 முதல் உயர்த்திய விகிதப்படி, ஆராய்ச்சித் திட்டங்களில் சேரும் 'ரிசர்ச் அசோசியேட்'டுக்கு மாதம் ரூ.58 ஆயிரம் முதல் ரூ.67 ஆயிரம் வரை. வீட்டு வாடகைப் படி தனி. சென்னை ஐ.ஐ.டி., தரமணி கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

வயசுதான் சிக்கல்

'தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்' 2 வருஷத்துக்கு. வயது வரம்பு 35. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத் திறனாளிகளுக்கு 5 வருஷம் சலுகை. தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக பி.எச்.டி. செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டம் கைக்கு வரும்போது வயது தாண்டிவிடுகிறது!

பட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலே விண்ணப்பிக்கலாம். வழிகாட்ட ஒரு விஞ்ஞானி சம்மதிக்க வேண்டும். அவருக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள். தாலுகா ஆபீசில் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

வயது தாண்டியவர்களுக்கும் கதவு மூடவில்லை. ஐரோப்பாவின் 'மேரி கியூரி' ஃபெலோஷிப்பில் வயது பார்ப்பதில்லை. பட்டம் வாங்கி 8 வருஷத்துக்குள் இருக்க வேண்டும்.

'சீட் வாங்கித் தர்றேன்' என்று எவராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். இதற்குப் புரோக்கர் கிடையாது. அந்தக் காசுக்கு சென்னைக்கு பஸ் ஏறி, விஞ்ஞானியை நேரில் பார்த்துவிட்டே வரலாம்!